கோல்மன் கட்டிய நகரம்

ஹில் ஸ்திரீட் வழியாகப் பேருந்தில் செல்பவர்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். முன்புறத்தில் தடித்த தூண்கள், சுற்றிலும் புல்தரை, உச்சியில் ஒரு கூர்மாடம். அதுதான் ஆர்மீனியத் தேவாலயம். சிங்கப்பூரில் இன்றும் நிற்கும் தேவாலயங்களுள் அதுவே மிகப் பழமையானது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கோல்மன் ஸ்திரீட் வரும். ஆற்றை நோக்கி நேராக நடந்தால் கோல்மன் பாலம் வரும். தேவாலயம், தெரு, பாலம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரோடு தொடர்புடையவை. அவர் ஜார்ஜ் டிரம்கூல் கோல்மன்.

சிங்கப்பூரின் தொடக்கக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ராஃபிள்ஸ் என்ற பெயரே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. அவருக்குச் சிலை இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, விடுதி, ரயில் நிலையம் என்று பலவற்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆனால், ராஃபிள்ஸ் தாளில் கண்ட நகரத்தைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிலத்தில் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் கோல்மன். தெருப் பலகையில் அவருடைய பெயரைப் பலர் படிக்கிறார்கள். அவர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே.

கோல்மன் 1795ஆம் ஆண்டு அயர்லாந்தின் டிரோகெடா என்ற ஊரில் பிறந்தார். அது பாய்ன் ஆற்றின் கரையில் உள்ள ஒரு துறைமுக நகரம். அவருடைய தந்தை கட்டுமானப் பொருள்களை விற்கும் வணிகர். மரம், கல், சுண்ணாம்பு ஆகியவற்றின் தரத்தையும் விலையையும் பற்றிய பேச்சு அந்த வீட்டில் அன்றாடம் நடந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன் கட்டடக் கலையைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

அந்தக் காலத்தைப் பிரிட்டிஷ் வரலாற்றில் ஜார்ஜியக் காலம் என்று அழைப்பார்கள். 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டதால் அந்தப் பெயர் வந்தது. அக்காலத்துக் கட்டடங்களை எளிதில் அடையாளம் காணலாம். நடுவில் ஒரு கோடு கிழித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும். சன்னல்கள் சம இடைவெளியில் வரிசையாக இருக்கும். வாயிலில் கிரேக்க, ரோமானியக் கோயில்களில் உள்ளவை போன்ற தூண்கள் நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் வகுத்த அளவுகளே இந்தப் பாணிக்கு அடிப்படை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஊருக்கு ஊர் இத்தகைய மாளிகைகள் எழுந்தன. கோல்மன் கற்ற கலையும் இதுதான். ஆனால், குளிர் நாட்டுக்கு என்று உருவான அந்தப் பாணியை நிலநடுக்கோட்டுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

1815ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், கோல்மன் கப்பலேறிக் கல்கத்தா சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தலைநகரமாக இருந்த அந்த ஊரில் வணிகர்களுக்கு வீடுகள் கட்டித் தந்தார். வெயிலையும் பருவமழையையும் ஒரு கட்டடம் எப்படித் தாங்க வேண்டும் என்பதை அங்கேதான் அவர் கற்றுக்கொண்டார் எனலாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஜாவாத் தீவில் உள்ள பத்தாவியாவில் தேவாலயங்கள் கட்டுவதற்கு அவருக்கு அழைப்பு வந்தது. பத்தாவியா என்பது இன்றைய ஜக்கார்த்தா. அவர் நம்பிக்கையோடு புறப்பட்டுப் போனார். ஆனால், அந்தத் தேவாலயங்கள் கட்டப்படவே இல்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டு அவர் காலம் கழித்தார். இளம் வயதில் பெரிய வாய்ப்பு ஒன்று கைநழுவிப் போவது எத்தகைய ஏமாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. எனினும் அவர் அயர்லாந்துக்குத் திரும்பவில்லை.

1822ஆம் ஆண்டு கோல்மன் சிங்கப்பூருக்கு வந்தார். பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆற்றின் இரு கரைகளிலும் அத்தாப்புக் கூரை வேய்ந்த குடிசைகளும் மரக் கிடங்குகளும் நெருக்கமாக நின்றன. கடல்நீர் ஏறும் சதுப்பு நிலம் பெரும்பகுதியை மூடியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பென்கூலனிலிருந்து திரும்பிவந்த ராஃபிள்ஸ், தாம் இல்லாதபோது ஊர் ஒழுங்கின்றி வளர்ந்திருப்பதைக் கண்டார். நகரத்தைத் திட்டமிடும் வேலையைத் தொடங்கினார். நிலத்தைக் கண்டு அளந்து, கட்டடம் எழுப்பத் தெரிந்த ஒருவர் கையருகே இருந்தது அவருக்குப் பேருதவியாக அமைந்தது.

ராஃபிள்ஸ் தமக்கென ஒரு வீட்டைக் கட்டித் தருமாறு கோல்மனிடம் கேட்டார். மலாய்க்காரர்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று என்று அழைத்த மேட்டில் அந்த வீடு எழுந்தது. இன்று நாம் ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கும் குன்று அது. மரப்பலகைச் சுவர்களும் அத்தாப்புக் கூரையும் கொண்ட எளிய வீடுதான். அதில் பிரமாண்டம் எதுவும் இல்லை. ஆனால், அந்த வீட்டின் வழியாகக் கோல்மனுடைய திறமை ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தது. நகரத் திட்டம் பற்றியும் அவருடைய கருத்து கேட்கப்பட்டது.

1823ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராஃபிள்ஸ் சிங்கப்பூரை விட்டுச் சென்றார். பிறகு அவர் இங்குத் திரும்பவே இல்லை. கோல்மனும் மீண்டும் ஜாவாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் அங்கிருந்தார். 1826ஆம் ஆண்டு வாக்கில் அவர் சிங்கப்பூருக்குத் திரும்பியபோது ஊர் மாறியிருந்தது. வணிகர்களின் கையில் பணம் இருந்தது. அத்தாப்பு வீடுகள் போதும் என்ற மனநிலை போய்விட்டது. தீ விபத்துக்கு அஞ்சாத, நிலைத்து நிற்கும் செங்கல் வீடுகளை அவர்கள் விரும்பினார்கள். செங்கல் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1819ஆம் ஆண்டிலேயே ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்து, இங்கு முதன்முதலில் செங்கல் சூளை அமைத்த தமிழர் நாராயண பிள்ளை. கட்டடம் கட்டுபவர்களுக்கு இந்த ஊரில் வேலை உண்டு என்பதைக் கோல்மனுக்கு முன்பே கண்டுகொண்டவர் அவர்.

அந்த ஆண்டுகளில் கோல்மன் கட்டிய வீடுகளுள் ஒன்று, ஜான் ஆர்கைல் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து வணிகருக்காக ஆற்றோரத்தில் 1827ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட மாளிகை. அதன் கதை சுவையானது. வீடு எழுந்த நிலம் அரசாங்கப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது என்ற சிக்கல் எழுந்தது. கடைசியில் மேக்ஸ்வெல் அந்த வீட்டை அரசாங்கத்துக்கே வாடகைக்கு விட்டுவிட்டார். ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் ஒருநாள்கூடக் குடியிருக்கவில்லை. வீடு நீதிமன்றம் ஆனது. 1841ஆம் ஆண்டு அரசாங்கம் அதை விலைக்கே வாங்கிக்கொண்டது. பின்னர் அது சட்டமன்றக் கட்டடமாக மாறியது. 1965ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்றம் அங்குதான் கூடியது. 1999ஆம் ஆண்டில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்படும்வரை சிங்கப்பூரின் சட்டங்கள் ஒரு வணிகரின் வீடாகத் தொடங்கிய அந்தக் கட்டடத்தில்தான் இயற்றப்பட்டன. இன்று அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் 'ஆர்ட்ஸ் ஹவுஸ்'. பலமுறை மாற்றிக் கட்டப்பட்டதால் கோல்மனுடைய கைவண்ணத்தை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கோல்மன் கட்டிய வீடுகளின் சிறப்பு அவற்றின் தூண்களில் மட்டும் இல்லை. ஐரோப்பிய வீட்டில் வெயிலை உள்ளே வரவழைக்க வேண்டும். இங்கோ வெயிலை வெளியே நிறுத்தவேண்டும். காற்றை மட்டும் உள்ளே விடவேண்டும். ஆகவே அவர் கூரையை உயர்த்தினார். வெப்பக் காற்று மேலே போய்விடும். வீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரங்களை அமைத்தார். சுவரின்மீது நேரடியாக வெயில் விழாது. சன்னல்களுக்குச் சரிந்த பலகைகள் கொண்ட கதவுகளைப் பொருத்தினார். மழை பெய்யும்போது அவற்றை மூடினாலும் காற்று வரும். கூரையின் விளிம்புகளை வெளியே நீட்டினார். மின்விசிறி இல்லாத காலத்தில் ஒரு வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வழிகள் இவை. ஒத்த அளவுகளும் வரிசைத் தூண்களும் ஜார்ஜியக் காலத்து அழகைக் கெடாமல் காத்தன. தூண்கள் நிழலும் தந்தன. அழகும் பயனும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

1833ஆம் ஆண்டு கோல்மனின் வாழ்க்கையில் ஒரு திருப்பம். அவர் பொதுப்பணிகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். நில அளவையும் கைதிகளின் வேலையை மேற்பார்வையிடுவதும் அவருடைய பொறுப்புகளாயின. செல்வர்களுக்கு மாளிகை கட்டியவர் இனி ஊருக்குச் சாலை போட வேண்டும், சதுப்பு நிலத்தை நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் அவரைத் தேவாலயங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த எட்டு ஆண்டு வேலைதான் நகரத்துக்கு அவர் தந்த பெரிய கொடை.

சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம். சுங்கவரி இல்லாததால் அரசாங்கத்தின் கையில் பணம் குறைவு. பொதுப்பணிக்குக் கூலியாட்களை அமர்த்த வழியில்லை. அந்தக் குறையை ஈடுசெய்தவர்கள் இந்தியக் கைதிகள். கம்பெனி ஆட்சி இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடந்து பென்கூலனுக்கு அனுப்பிவந்தது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர்கள் கைக்கு மாறியதால், அங்கிருந்த கைதிகள் 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்த கூட்டத்தினர் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்து வங்காளத்தைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். அதன்பின் இந்தியாவிலிருந்து நேரடியாகவும் கைதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறந்த மண்ணிலிருந்தும் உற்றார் உறவினரிடமிருந்தும் பிரிக்கப்பட்டு, விலங்கு பூட்டிய கால்களோடு இங்கு இறங்கியவர்கள் அவர்கள். அவர்களுள் கொலையாளிகளும் கொள்ளையர்களும் இருந்தார்கள். சிறு குற்றத்துக்குக் கடுந்தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள்.

இவர்களைக் கொண்டுதான் கோல்மன் வேலை செய்தார். கடற்கரையை ஒட்டிய சதுப்பு நிலத்தில் மண் கொட்டிக் கட்டிய வயல்வரப்பு போல மேடாக்கினார்கள். நீர் வடியக் கால்வாய்கள் வெட்டினார்கள். 1833க்கும் 1835க்கும் இடையில் நார்த் பிரிட்ஜ் ரோடும் சவுத் பிரிட்ஜ் ரோடும் இப்படி உருவாயின. ஆற்றின் வடகரையையும் தென்கரையையும் நேர்கோட்டில் இணைத்த அந்தச் சாலைகள் இன்றும் நகரின் முதன்மைச் சாலைகள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலை அறியாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்பாலும் அது எழுந்தது. அப்படியானால், கோயில் சாலைக்கு மூத்தது. அருகிலுள்ள சூலியாப் பள்ளிவாசலான ஜாமியா பள்ளிவாசலும் அப்படித்தான். வழிபாட்டுக்கு வந்தவர்களின் வாசலுக்குப் பின்னால்தான் சாலை வந்து சேர்ந்தது.

பீச் ரோடு என்ற பெயரையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சாலையில் இன்று நின்றால் கடல் தெரியாது. கோல்மன் காலத்தில் அதன் ஓரத்தில் அலை அடித்தது. பின்வந்தவர்கள் கடலை மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே போனதால் பெயர் மட்டும் கடற்கரையில் நின்றுவிட்டது.

சாலை போடுவதற்குமுன் நிலத்தை அளக்க வேண்டும். அன்று தீவின் உட்பகுதி அடர்ந்த காடு. 1835ஆம் ஆண்டு கோல்மன் கைதிகளுடன் காட்டுக்குள் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தார். முக்காலியின்மீது அளவைக் கருவி நின்றது. திடீரென்று புதரிலிருந்து ஒரு புலி பாய்ந்தது. கருவி உருண்டு விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை; புலி காட்டுக்குள் ஓடிவிட்டது. இந்நிகழ்ச்சியை ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லூட்டமன் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓவியமாகத் தீட்டினார். சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ள அந்தப் படத்தில் புலியைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். கைதிகள் நாலாபுறமும் சிதறி விழுவதை அடுத்து பார்ப்பார்கள். கோல்மனுக்குப் பக்கத்தில் நின்று சங்கிலி பிடித்தவர்கள் யார் என்பதற்கு வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் ஒரே சித்திரம் ஏறக்குறைய அதுதான்.

அந்த அளவை வேலையின் பயன் 1836ஆம் ஆண்டில் வெளியான ஒரு வரைபடம். கோல்மன் நேரில் அளந்த கணக்குகளைக் கொண்டு கல்கத்தாவில் அச்சிடப்பட்டது. சிங்கப்பூர் நகரமும் சுற்றுப்புறமும் அன்று எப்படி இருந்தன, எந்தத் தெரு எங்கே தொடங்கியது, ஆறு எங்கே வளைந்தது என்பதையெல்லாம் அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதை விரித்துப் பார்க்கிறார்கள். கட்டடம் இடிந்துபோகலாம். அளந்து வைத்த தாள் நிற்கிறது.

இந்தப் பொதுப்பணிகளுக்கு நடுவேதான் அவருடைய சிறந்த கட்டடங்களும் எழுந்தன. சிங்கப்பூரில் அப்போது வாழ்ந்த ஆர்மீனியக் குடும்பங்கள் மிகச் சில. வணிகத்துக்காக வந்து தங்கியவர்கள். தொலைவில் இருந்தாலும் தங்கள் சமயத்தையும் மொழியையும் விடக்கூடாது என்று எண்ணிய அவர்கள் பணம் திரட்டித் தேவாலயம் கட்ட முடிவு செய்தார்கள். 1835ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 1836ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கோல்மன் அதன் உட்பகுதியை வட்டமாக அமைத்தார். ஆர்மீனிய மரபில் வட்டமும் குவிமாடமும் முக்கியமானவை. அந்த மரபை, தாம் அறிந்த ஐரோப்பியத் தூண் மண்டபங்களோடு இணைத்தார். சிறிய இடத்தில் பெரிய கோயிலின் அமைதி. நண்பகலில் உள்ளே நுழைபவர்கள் வெளியே உள்ள வெப்பத்தைச் சட்டென்று மறப்பார்கள். இவர் முதலில் அமைத்த உச்சிக் கோபுரம் பலமற்றது என்று கருதப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது. இப்போது நாம் காணும் கூர்மாடம் 1853ஆம் ஆண்டில் ஜார்ஜ் மடாக் என்பவர் அமைத்தது. நல்ல கலைஞர்களுக்கும் தவறு நேர்வதுண்டு என்பதை இந்தக் கட்டடம் மறைக்கவில்லை.

அதே காலத்தில் கோல்மன் முதலாவது புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் கட்டினார். அதற்கு உயர்ந்த கோபுரம் இல்லை. பின்னால் 1842ஆம் ஆண்டில் ஜான் டர்ன்புல் தாம்சன் ஒரு கூர்கோபுரத்தைச் சேர்த்தார். அதில் இருமுறை இடி விழுந்தது. கட்டடம் பாதுகாப்பற்றது என்று 1852ஆம் ஆண்டில் மூடப்பட்டு, 1855ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. இன்று நகர மண்டப ரயில் நிலையத்துக்கு அருகில் நிற்பது அதே இடத்தில் எழுந்த இரண்டாவது கட்டடம். அதையும் இந்தியக் கைதிகளே கட்டினார்கள். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் வெல்லம் போன்ற சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துச் சுவரில் பூசினார்கள். காய்ந்தபின் பளிங்குபோலத் தேய்த்து மெருகேற்றினார்கள். 'மதராஸ் சுண்ணம்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பூச்சு, தென்னிந்தியக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஒன்று. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய சொல்லே நம் சுண்ணாம்பிலிருந்து போனதுதான்.

தெலுக் ஆயரில் கடலை ஒட்டி எண்கோண வடிவில் ஒரு சந்தைக் கட்டடத்தையும் கோல்மன் வடிவமைத்தார். அது இடிக்கப்பட்டபின், 1894ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெக்ரிட்சி புதிய சந்தையை வேறு இடத்தில் கட்டினார். ஆனால், எண்கோண வடிவத்தை அவர் மாற்றவில்லை. 'லாவ் பா சாட்' உணவு நிலையத்தில் அமர்ந்து சாப்பிடும்போது தலையை உயர்த்திப் பார்த்தால் கோல்மனின் எண்ணம் தெரியும். ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டி ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகக் கிடந்த கல்விக்கூடத்தை முடித்துக் கொடுத்தவரும் அவரே. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள கால்டுவெல் இல்லம் 1840ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்டது. பின்னர் அது கன்னிமாடப் பள்ளியின் ஒரு பகுதியாகி, பல தலைமுறை மாணவிகளைக் கண்டது. அதன் முகப்பில் அரைவட்டமாக வெளியே வரும் பகுதியை இன்றும் காணலாம்.

தமக்கென அவர் கட்டிக்கொண்ட வீடு 1829ஆம் ஆண்டில் முடிந்தது. அது கோல்மன் ஸ்திரீட் 3ஆம் எண் வீடு. தெருவுக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான். ஊரில் பலரும் வியந்து பார்த்த மாளிகை அது. 1840ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே செங்கல் வளைவுகள் கொண்ட ஒரு பாலத்தையும் அவர் கட்டினார். அதற்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் வெப்ப நாடுகளில் உழைத்த களைப்போடு 1841ஆம் ஆண்டில் கோல்மன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அவர் விட்டுச்சென்ற வீடு விடுதி ஆனது. ஐரோப்பாவில் அவர் திருமணம் செய்துகொண்டார். இனி அங்கேயே ஓய்வாக இருந்திருக்கலாம். ஆனால், 1843ஆம் ஆண்டு நவம்பரில் மனைவியுடன் சிங்கப்பூருக்கே திரும்பிவந்தார். சில மாதங்களில் காய்ச்சல் கண்டது. 1844ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஐம்பது வயதை எட்டாமலேயே அவர் காலமானார். ராஃபிள்சுக்கு முதல் வீட்டைக் கட்டித்தந்த குன்றின் சரிவிலேயே அவர் புதைக்கப்பட்டார்.

அவர் ஊரில் இல்லாத காலத்தில் நடந்த ஒன்று அவர் பெயருக்கு மாசாக வந்து ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதில் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. எந்த மொழி, எந்தக் காலம் என்பதை அறிஞர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1843ஆம் ஆண்டில், கட்டுமானத்துக்கு இடம் தேவை என்று அந்தப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ராஃபிள்சின் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா இதைக் கண்டு மனம் நொந்தார். அப்துல்லாவின் முன்னோருள் நாகூரில் குடியேறியவர்கள் உண்டு. அவர் தமிழும் கற்றவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் அந்தச் செயலைக் கண்டித்து எழுதினார். தாம் உருவாக்க இயலாத ஒன்றை அழிக்கக் கூடாது என்பது அவருடைய ஆதங்கம். பாறையை உடைத்தவர் கோல்மன் என்று அவர் பதிவு செய்துவிட்டார்.

ஆனால், கோல்மன் அப்போது கடல் கடந்து ஐரோப்பாவில் இருந்தார். அவருடைய இடத்தில் தற்காலிகமாகப் பொறியாளர் பொறுப்பு வகித்த கேப்டன் ஸ்டீவன்சனே பாறையைத் தகர்த்தவர் என்பதை மற்றப் பதிவுகள் காட்டுகின்றன. அப்துல்லாவின் வருத்தம் நியாயமானது. அவர் குறிப்பிட்ட பெயர்தான் தவறு. ஊரில் எது கட்டப்பட்டாலும் இடிக்கப்பட்டாலும் கோல்மன்தான் செய்திருப்பார் என்று எண்ணும் அளவுக்கு அவருடைய பெயர் பொதுப்பணியோடு பின்னிப்பிணைந்திருந்தது போலும். அப்துல்லாவின் நூலைப் படித்தவர்கள் நெடுங்காலம் அதை நம்பினார்கள். உடைந்த பாறையின் ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

கோல்மனுடைய கட்டடங்களுக்கும் அந்தப் பாறையின் கதிதான் பெரும்பாலும் நேர்ந்தது. நகரம் வளர வளர அவர் கட்டிய வணிகர் வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ராஃபிள்ஸ் கல்விக்கூடம் இருந்த இடத்தில் இப்போது ராஃபிள்ஸ் சிட்டி நிற்கிறது. அவருடைய சொந்த வீடு விடுதியாக இருந்து, பெயர்கள் மாறி, கடைசியில் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடமாகி, 1965ஆம் ஆண்டின் இறுதியில் இடிக்கப்பட்டது. குடியிருக்க வீடும் வேலை செய்ய இடமும் மக்களுக்குத் தேவைப்பட்ட காலம் அது. பழைய மாளிகையைக் காப்பாற்றும் எண்ணம் அப்போது பலருக்கு எழவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணம் மாறியது. 1973ஆம் ஆண்டில் ஆர்மீனியத் தேவாலயம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு எட்டு ஆண்டுகள் பிந்திவிட்டது.

பாலமும் அதே பாலம் இல்லை. செங்கல் பாலம் இருபத்தைந்து ஆண்டுகளே நின்றது. 1865ஆம் ஆண்டில் மரப்பாலம் வந்தது. 1886ஆம் ஆண்டில் இரும்புப் பாலம் வந்தது. இன்று வண்டிகள் ஓடும் பாலம் 1990ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. நான்கு பாலங்களுக்கும் கோல்மன் பாலம் என்றே பெயர்.

ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்குப் போனால் பழைய கல்லறைக் கற்கள் சுவர்களில் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். புல்வெளியில் தூண்கள் தாங்கும் இரண்டு சிறு குவிமாட மண்டபங்கள் நிற்கின்றன. அவற்றைக் கோல்மன் வடிவமைத்தார் என்று கருதுகிறார்கள். மழை வந்தால் பள்ளி மாணவர்கள் அவற்றின் அடியில் ஒதுங்குகிறார்கள்.

அவரோடு வேலை செய்த கைதிகளுக்கு அத்தகைய கற்கள் இல்லை. தண்டனை முடிந்து சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் இங்கேயே தங்கி, கொத்தனாராகவும் மாட்டுக்காரராகவும் வண்டிக்காரராகவும் பிழைத்துக் குடும்பம் நடத்தினார்கள். சிங்கப்பூரில் கைதிகளை வைத்து வேலை வாங்கும் முறை 1873ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அவர்கள் மண் சுமந்து போட்ட சவுத் பிரிட்ஜ் ரோட்டின் வழியாகத்தான், ஆண்டுதோறும் தீமிதித் திருவிழா இரவில் பக்தர்கள் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை வந்தடைகிறார்கள்.